ஜாஸ் கேட்ட வாத்தியார்

ஹூலியோ கோர்த்தசார் என்ற பெயரை எமது ஆசிரியர் ஓய்வறையில் சொன்னபோது, "எந்த டீமுக்கு விளையாடுறவர்?" என்று பக்கத்தில் இருந்த விஞ்ஞான சேர் கேட்டார். அவரில் பிழை இல்லை. ஆர்ஜன்டீனா என்றால் எமக்கு மரடோனாவும் மெஸ்ஸியும்தான். அதே நாட்டுக்காரர் இவர். சிறுகதை எழுத ஆசைப்படுகிற எவரும் ஒரு தடவையாவது வாசித்துப் பார்க்க வேண்டியவர். இவருடைய கதைகளுக்கும் ஜாஸ் இசைக்கும் இருந்த உறவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். தேநீரை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எம்மை முதலில் இவர் பக்கம் இழுத்தது இவருடைய தொழில்தான். 1914 ஓகஸ்ட் மாதம் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் பிறந்தார். ஜேர்மன் படை அந்த நகரத்தைப் பிடித்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. பின்னர் குடும்பம் ஆர்ஜன்டீனாவுக்குத் திரும்பியது. தலைநகர் புவனஸ் அயர்சுக்குத் தெற்கே பான்ஃபீல்ட் என்ற புறநகரில் வளர்ந்தார். சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளை, ஆசிரியராகப் படித்து வெளியேறி, 1937 முதல் 1944 வரை பொலிவார், சிவில்கோய் என்ற இரண்டு சிறிய ஊர்களில் படிப்பித்தார்.

தூர ஊருக்கு முதல் நியமனம் கிடைத்துப் போன எந்த ஆசிரியருக்கும் அந்த வாழ்க்கையைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாடசாலை விட்டால் வாடகை அறை. அறைக்குள் கட்டிலும் மேசையும். ஊரிலே கதைப்பதற்கு ஆளில்லை. கோர்த்தசார் அந்த வருடங்களில் கண்டபடி வாசித்தார், எழுதினார், எழுதியதைப் பெரும்பாலும் வெளியே காட்டவில்லை. இளம் வயதில் வானொலியில் கேட்கத் தொடங்கிய ஜாஸ் கூடவே வந்தது. ஆம்ஸ்ட்ரோங், டியூக் எலிங்டன், பிறகு சார்லி பார்க்கர். பிற்காலத்தில் ட்ரம்பெட் ஒன்றை வாங்கி ஊதிப் பழகினார். நன்றாக ஊதக்கூடிய ஆள் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1946இல் இவருடைய ஒரு கதையை போர்ஹேஸ் தான் நடத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். பெரிய பழைய வீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் வாழ்கிறார்கள். ஏதோ ஒன்று வீட்டின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அது என்னவென்று கதை சொல்வதில்லை. இருவரும் பகுதி பகுதியாக விட்டுக்கொடுத்துக் கடைசியில் தெருவுக்கு வந்து நிற்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு இரவோடிரவாக வெளியேறிய கதைகள் எமது நாட்டில் எத்தனை குடும்பங்களிடம் இருக்கின்றன! அதனாலோ என்னவோ, அந்தக் கதையை வாசித்த அன்று எமக்கு நித்திரை வரவில்லை. 1951இல் முதலாவது சிறுகதைத் தொகுதி வந்தது. அதே வருடம் பரிசுக்குப் போனார். யுனெஸ்கோவில் மொழிபெயர்ப்பு வேலை செய்து, 1984இல் மௌத்தாகும்வரை அந்த நகரத்திலேயே வாழ்ந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அதற்கு ஊரிலே வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வேறு இடங்களும் இருக்கின்றன. ஒரு தகவலை மட்டும் வைக்கிறோம். 1940களிலும் 50களிலும் ஜாஸ் வாசித்த கறுப்பின அமெரிக்கர்கள் கணிசமான பேர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பியானோ வாசித்த அஹ்மத் ஜமால், சாக்ஸபோன் வாசித்த யூசுப் லத்தீப் ஆகியோர் அந்தப் பெயர்களிலேயே மேடையேறினார்கள். ட்ரம்ஸ் வாசித்த ஆர்ட் பிளேக்கி, அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்ற பெயரை ஏற்றார். தமது சொந்த நாட்டில் முன்கதவால் உள்ளே விடப்படாத மனிதர்கள், வேறொரு பெயரில் நிமிர்ந்து நிற்க விரும்பிய காலம் அது. ஜாஸ் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பணக்காரர்களின் ஹொட்டேல் இசை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னோம்.

இனி விடயத்துக்கு வருவோம். ஜாஸில் அப்படி என்ன இருக்கிறது, அதற்கும் கதை எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்?

எமது கிழக்குப் பக்கத்தில் மூத்தம்மாமார் கவி சொல்வார்கள். கவியின் அடியும் அளவும் எல்லோருக்கும் ஒன்றுதான். மெட்டும் பழையதுதான். ஆனால் ஒருவர் ஒரு கவியைச் சொன்னதும், எதிரே இருப்பவர் அதே அளவுக்குள் அந்த நேரத்தில் பிறந்த ஒரு பதிலை இறக்குவார். யோசிக்க நேரம் கிடையாது. அளவு பிசகினால் சிரிப்பார்கள். அளவு சரியாக இருந்து கருத்து சப்பென்று இருந்தாலும் சிரிப்பார்கள். ஜாஸ் கிட்டத்தட்ட இதே விளையாட்டு. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பெரும்பாலும் 32 தாளக்கட்டு. பிறகு அந்த மெட்டு நின்றுவிடும். அதன் அடியில் இருக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒவ்வொருவராக எழுந்து, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் பழைய மெட்டுக்குத் திரும்புவார்கள். மெட்டு அதேதான், ஆனால் நடுவில் நடந்ததைக் கேட்ட பிறகு அது வேறு மாதிரிக் கேட்கும்.

இதிலிருந்து கோர்த்தசார் மூன்று விடயங்களை எடுத்துக்கொண்டார் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

முதலாவது, எல்லை. அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம்தான் பிடிக்கும். மேடையில் அரை மணித்தியாலம் வாசிக்கக்கூடிய கலைஞன் அந்த 3 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். 1945 நவம்பரில் சார்லி பார்க்கர் ஒலிப்பதிவு செய்த 'கோ-கோ' என்ற துண்டைக் கேட்டுப் பாருங்கள். 'செரோக்கி' என்ற பிரபலமான பாட்டின் சுரக்கூட்டு வரிசையை எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டின் மெட்டைத் தொடாமலே, மூச்சு முட்டும் வேகத்தில் வாசித்திருக்கிறார். மொத்தம் 3 நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சுரம்கூட சும்மா இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஹவானாவில் சிறுகதை பற்றிப் பேசிய கோர்த்தசார், நாவலையும் சிறுகதையையும் குத்துச்சண்டையோடு ஒப்பிட்டார். நாவல் புள்ளிகளைச் சேர்த்து வெல்லலாம், சிறுகதை நொக் அவுட்டில்தான் வெல்ல வேண்டும் என்பது அந்த ஒப்பீட்டின் சாரம். வளைந்து நெளிந்து போக இடமில்லாத ஒருவன்தான் அப்படி யோசிப்பான். 3 நிமிட இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது அது.

இரண்டாவது, துணிவு. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு துண்டை வாசிப்பதை 'டேக்' என்பார்கள். சரிவராவிட்டால் இரண்டாவது டேக், மூன்றாவது டேக். ஜாஸில் ஒரு டேக் போல மற்றது இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே வாசிக்கிறார்கள். பார்க்கரின் சில துண்டுகளுக்கு இரண்டு மூன்று டேக்குகள் பின்னாளில் வெளியாகி, நாம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் கேட்கக்கூடியதாக இருக்கிறது. ஒத்திகையில் பிழையைத் திருத்தி மெருகூட்டலாம். டேக்கில் ஆபத்து இருக்கிறது, அந்த ஆபத்தில்தான் உயிரும் இருக்கிறது. எழுத்தும் அப்படியான ஒரு டேக்காக இருக்க வேண்டும் என்று கோர்த்தசார் விரும்பினார்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். சிறுகதை ஆக்கப் போட்டியில் தலைப்பை அங்கேதான் கொடுப்பார்கள். நேரம் மட்டுப்படுத்தப்பட்டது. வீட்டிலிருந்து மனனம் செய்துகொண்டு வந்த கதையைத் தலைப்புக்குள் திணிக்கிற பிள்ளையும் உண்டு. வெற்றுத்தாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, குனிந்து எழுதத் தொடங்குகிற பிள்ளையும் உண்டு. முதலாவது பிள்ளைதான் அதிகம் பரிசு வாங்கும். இரண்டாவது பிள்ளையின் கதையில் எழுத்துப்பிழை இருக்கும், முடிவு சறுக்கும். ஆனால் ஒரு வசனம், ஒரே ஒரு வசனம், மண்டபத்தை விட்டு வந்த பிறகும் எம்மோடு வரும்.

மூன்றாவது, ஸ்விங். ஜாஸ்காரர்கள் எல்லோரும் பாவிக்கிற சொல் இது. தாளம் கடிகாரம் போல ஓடும். வாசிப்பவர் அதற்கு ஒரு மயிரிழை முன்னாலோ பின்னாலோ வாசிப்பார். அந்த இழுபறியில்தான் கேட்பவரின் கால் தானாக ஆடும். 1980இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தபோது, இலக்கியத்தின் இசைத்தன்மை பற்றியும் கோர்த்தசார் பேசினார். இசைத்தன்மை என்று அவர் சொன்னது எதுகை மோனையை அல்ல. கதை முடிவை நெருங்கும்போது வசனங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விழ வேண்டிய ஒரு விழுகையை. அச்சுக்கூடத்தில் யாராவது இலக்கணம் பார்த்து ஒரு காற்புள்ளியைக் கூட்டினாலோ குறைத்தாலோ அவருக்கு வலிக்கும். கருத்து முழுவதும் சரியாக இருந்தும் மொழிபெயர்ப்பில் கதை செத்துப்போவதற்கு இந்தத் துடிப்பு தொலைவதுதான் காரணம் என்பது அவருடைய எண்ணம். நாமும் அவரை ஆங்கிலத்தில்தான் வாசித்தோம், ஆகவே எமக்குக் கிடைத்தது எத்தனை வீதம் என்று தெரியாது. மிஞ்சியதே இவ்வளவு ஆட்டுகிறதென்றால் ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஜாஸ் பற்றி நேரடியாகவும் நிறைய எழுதினார். 1952இல் பரிசில் நடந்த லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் கச்சேரியைப் பற்றி எழுதியபோது அவரை ஒரு மாபெரும் 'குரோனோப்பியோ' என்றார். ஒழுங்குக்குள் அடங்காத, கனவு காண்கிற, நல்ல மனம் கொண்ட பிராணிகளுக்கு அவர் தானே உண்டாக்கிய பெயர் அது. 1966இல் ஜெனீவாவில் தெலோனியஸ் மொங்க் பியானோ வாசித்த இரவைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. 1963இல் வந்த 'ரயுவேலா' நாவலில், பரிசின் ஓர் அறையில் நண்பர்கள் கூடி விடிய விடிய இசைத்தட்டுக் கேட்கிற அத்தியாயங்கள் வரிசையாக வருகின்றன. இவருடைய ஒரு கதையைத் தழுவி அன்டோனியோனி எடுத்த 'ப்ளோ-அப்' படத்துக்கு இசையமைத்தவரும் ஒரு ஜாஸ்காரர்தான், ஹெர்பி ஹான்கொக்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நாம் பேச விரும்புவது ஒரே ஒரு கதையை. 1959இல் வந்தது. ஸ்பானிய மொழியில் 'எல் பெர்செகிதோர்'. 'துரத்துபவன்' என்று சொல்லலாம்.

முதலில் அதன் பின்னால் இருக்கும் உண்மையான மனிதர். சார்லி பார்க்கர் 1920இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தார். பதின்ம வயதிலேயே போதைப்பொருளுக்கு அடிமையானார். ஜாஸின் மொழியையே மாற்றினார். 1946 ஜூலை 29ஆம் திகதி, உடம்பும் மனதும் குலைந்துபோன நிலையில், கலிபோர்னியாவில் ஓர் ஒலிப்பதிவுக்குக் கொண்டுவரப்பட்டார். 'லவர் மேன்' என்ற பாட்டை வாசித்தார். தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்க முடியவில்லை, மூச்சு தடுமாறுகிறது. அன்றிரவே தங்கியிருந்த ஹொட்டேலில் தீ, பொலிஸ், பிறகு மனநல வைத்தியசாலையில் 6 மாதம். அந்த ஒலிப்பதிவை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பார்க்கருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. கேட்ட பலருக்கோ மனதை உருக்கும் ஒரு படைப்பாக இருந்தது. 1955 மார்ச் 12ஆம் திகதி நியூயோர்க்கில் இறந்தார். உடலைப் பார்த்த வைத்தியர் 50 முதல் 60 வயது இருக்கும் என்று மதிப்பிட்டார். வயது 34.

கோர்த்தசார் அவரைச் சந்தித்ததில்லை. அவர் மனதில் ஒரு பாத்திரம் நீண்ட நாளாக அலைந்துகொண்டிருந்தது. பெரிய படிப்பில்லாத ஒரு மனிதன், ஆனால் படித்தவர்கள் தொடப் பயப்படுகிற கேள்விகளை உடம்பாலேயே கேட்கிறவன். பார்க்கர் இறந்த செய்தியோடு வந்த வாழ்க்கைக் குறிப்பை வாசித்தபோது, தான் தேடிய ஆள் இவர்தான் என்று தெரிந்துகொண்டார். எழுதத் தொடங்கியவர் சில பக்கங்களோடு நின்றுபோனார். மாதக்கணக்காகக் கிடந்த அந்தத் தாள்கள் பின்னர் ஜெனீவாவில் கைக்கு அகப்பட்டபோதுதான் கதை முடிந்தது.

கதையில் அவன் பெயர் ஜொனி கார்ட்டர். சாக்ஸபோன் வாசிப்பவன், பரிசில் ஒரு மோசமான ஹொட்டேல் அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருக்கிறான். சாக்ஸபோனை நிலக்கீழ் ரயிலில் தொலைத்துவிட்டான். கதையைச் சொல்வது ஜொனி அல்ல, புரூனோ. புரூனோ ஒரு ஜாஸ் விமர்சகர். ஜொனியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். புத்தகம் நன்றாக விற்கிறது. ஜொனிக்குக் காசு கொடுக்கிறார், வாத்தியம் ஒழுங்கு செய்கிறார், கூட இருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

ஜொனிக்கு நேரம் என்பதுதான் பிரச்சினை. நிலக்கீழ் ரயிலில் போகும்போது தனக்கு நடப்பதைச் சொல்கிறான். இரண்டு மூன்று தரிப்பிடங்களுக்கிடையில் மனைவியை, பிள்ளைகளை, பழைய தெருவை, அவர்கள் போட்டிருந்த உடுப்பைக்கூட ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து முடிக்கிறான். சொல்லப்போனால் கால் மணித்தியாலம் எடுக்கிற விடயம். ஆனால் ரயில் ஓடியதோ ஒன்றரை நிமிடம். மிச்ச நேரம் எங்கிருந்து வந்தது? வாசிக்கும்போது மட்டும் அந்தக் கதவு தனக்குத் திறக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஒருவருக்கும் கதவு தெரியவில்லை.

பார்க்கரின் 'லவர் மேன்' போலவே கதையிலும் ஓர் ஒலிப்பதிவு வருகிறது. ஜொனி அதை அழித்துவிடச் சொல்கிறான். விமர்சகர்களுக்கு அது அற்புதமாகப் படுகிறது. பார்க்கரின் சின்ன மகள் 1954இல் இறந்ததைப் போல, ஜொனியின் மகள் பீ சிக்காகோவில் இறந்துபோன செய்தியும் வருகிறது. ஓர் இரவு ஜொனி புரூனோவிடம் அவருடைய புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறான். தகவல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தான் மட்டும்தான் அதில் இல்லையாம். புரூனோ அதிர்ந்துபோகிறார். பிறகு யோசிக்கிறார். இரண்டாம் பதிப்பில் திருத்துவதா? புத்தகம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு மொழிபெயர்ப்புக்கும் பேச்சு நடக்கிறது. திருத்தாமலே விடுகிறார். ஜொனி இறக்கிறான். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக முன்னர் இறப்புக் குறிப்பையும் சேர்த்துவிட முடிந்ததால், புத்தகம் முழுமை பெற்றுவிட்டது என்ற திருப்தியோடு புரூனோ கதையை முடிக்கிறார்.

இந்தக் கதைக்குப் பிறகுதான் தன் எழுத்து மாறியது என்று கோர்த்தசார் சொல்லியிருக்கிறார். அதுவரை கட்டுக்கோப்பான விநோதக் கதைகள், சுத்தமான நொக் அவுட்டுகள். எல்லையும் துணிவும் ஸ்விங்கும் கைவந்துவிட்டன. ஆனால் கதைக்குள் இருக்கும் மனிதனைத் தான் கேட்கிறேனா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர் தன்னைப் போன்ற ஒருவனையே கூண்டில் ஏற்றினார். புரூனோவும் எழுதுகிறவன், ஜாஸை நேசிப்பவன், நன்றாக வசனம் அமைக்கத் தெரிந்தவன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், 1957இல், இன்னொரு கதை வந்திருந்தது. ஜேம்ஸ் போல்ட்வின் எழுதிய 'சொனிஸ் ப்ளூஸ்'. போல்ட்வின் நியூயோர்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பின எழுத்தாளர். அவரும் 1948இல் பரிசுக்குப் போனவர். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எமக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கேயும் போதைக்கு அடிமையான ஓர் இசைக்கலைஞன், சொனி. பியானோ வாசிப்பவன். இங்கேயும் கதையைச் சொல்வது ஓர் ஒழுங்கான மனிதர், சொனியின் அண்ணன். அண்ணனுடைய தொழில்? பாடசாலையில் அட்சரகணிதம் படிப்பிப்பது!

தம்பி பிடிபட்ட செய்தியை அந்த ஆசிரியர் நிலக்கீழ் ரயிலில் பத்திரிகையில் வாசிக்கிறார். பிறகு வகுப்புக்குப் போய்ப் படிப்பிக்கிறார். வயிற்றுக்குள் ஐஸ்கட்டி கரைவது போல இருக்கிறது. முன்பொரு நாள் தம்பி சார்லி பார்க்கரின் பெயரைச் சொன்னபோது அது யார் என்றே இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கதை எழுதப்பட்ட காலத்தில் பார்க்கர் உலகப் பிரசித்தம். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனுக்குத் தெரியாது. தம்பிக்கு அந்தப் பெயர்தான் எல்லாம்.

இந்தக் கதையிலும் ஒரு சிறுமி இறக்கிறாள். ஆசிரியரின் மகள், பெயர் கிரேஸ், போலியோ நோயால். மகளை அடக்கிய பிறகுதான் அவர் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார். தன் வீட்டில் துக்கம் வந்தபோதுதான் தம்பியின் துக்கம் அவருக்கு நிஜமாகிறது. கதையின் முடிவில், தம்பி வாசிக்கிற ஒரு கிளப்பின் மூலையில் போய் உட்காருகிறார். இசை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த இரவில் முதன்முதலாகத் தம்பி சொல்வதைக் கேட்கிறார்.

ஒருவருக்கு இசை பற்றி எல்லாம் தெரியும், கேட்கவில்லை. மற்றவருக்கு எதுவும் தெரியாது, கேட்டார். இரண்டு கதைகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. ஆனாலும் ஜாஸ் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அது ஆச்சரியமில்லை என்றே படுகிறது. ஜாஸில் நன்றாக வாசிப்பவன் முதலில் நன்றாகக் கேட்பவனாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் அடுத்த கணம் எங்கே போவான் என்று காதைத் தீட்டி வைத்திருக்காவிட்டால் மேடையிலேயே வழி தவறிவிடும். எழுதிக் கொடுத்த தாள் அங்கே காப்பாற்றாது.

'துரத்துபவன்' கதையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லை. ஆசிரியர் வராத ஒரு பாடவேளை, வெளியே மழை. தமிழில் எமது சொல்லில்தான் சொன்னோம். ரயில் இடம் வந்ததும், கடைசி வரிசையில் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிற, மூன்று தவணையாக வாய் திறக்காத ஒரு பையன் கையை உயர்த்தினான்.

"சேர், எனக்கும் பஸ்ஸில அப்படித்தான். சந்தியில ஏறி ஆஸ்பத்திரியத் தாண்ட முன்னம் உம்மாட மௌத்து நாள் முழுக்க ஓடி முடிஞ்சிரும். இறங்கிப் பார்த்தா அஞ்சு நிமிஷந்தான் ஆயிருக்கும்."

வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. அவனுடைய விபரக் கோவை எம்மிடம் இருந்தது. தாய் காலமானார், தகப்பன் கட்டாரில், வரவு 81 வீதம், தமிழ் 47 புள்ளி. எல்லாம் சரியான தகவல்கள். புரூனோவின் புத்தகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நாம் ஆசிரியர்கள் வருடம் முழுவதும் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறோம். முன்னேற்ற அறிக்கை, நற்சான்றுப் பத்திரம், அதிபருக்குக் கொடுக்கும் பட்டியல். 'ஒழுக்கமானவர்', 'அமைதியானவர்', 'மேலும் முயற்சி தேவை'. எழுதத்தான் வேண்டும், அது இல்லாமல் பாடசாலை நடக்காது. அந்தப் பையன் மேசையில் போடுகிற தாளத்துக்கு எந்தப் படிவத்திலும் கூடு இல்லை. ஆகவே அதைக் கேட்பதற்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு நாள், பாடம் முடிய 10 நிமிடம் இருக்கும்போது, கொப்பியை மூடிவிட்டு யாராவது ஒருவரைக் கதை சொல்லச் சொல்கிறோம். தலைப்பு கிடையாது, புள்ளி கிடையாது, திருத்துவதும் கிடையாது. 3 நிமிடம், 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் அளவு. சில நாள் ஒன்றும் நடக்காது, பிள்ளைகள் சிரித்துவிட்டு உட்காருவார்கள். சில நாள் மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு கதைகளையும் தேடி வாசியுங்கள். வாசிக்க முன்னர் பார்க்கரின் 'கோ-கோ'வைக் கேளுங்கள், வாசித்த பிறகு 'லவர் மேன்' கேளுங்கள். இசை கேட்பதில்லை என்று இருப்பவர்கள் கதைகளை மட்டும் வாசியுங்கள், அவை தனியாகவும் நிற்கும்.

வாசித்து முடித்தவர்கள் எமக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அன்று வகுப்பில் கதை முடிந்ததும் இதைத்தான் கேட்டோம். புரூனோ நல்லவரா கெட்டவரா? பாதிப் பேர் கெட்டவர் என்றார்கள். பாதிப் பேர், காசு கொடுத்தவர், கூட இருந்தவர், வேறு என்னதான் செய்வது என்றார்கள். கடைசி வரிசைப் பையன் மட்டும், "ஜொனிட சாமான் தொலைஞ்சா எடுத்துக் குடுப்பாரு சேர், ஆனா அவன் வாசிக்கக்குள்ள இவரு எழுதிக்கிட்டு இருப்பாரு" என்றான். மணி அடித்துவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?